எட்டாயிரத்து நானூறு

ஒலமௌட்ஸ் நகருக்கு வடக்கே, தண்டவாளத்தை ஒட்டிய
எங்கள் ஆலையில்
சவப்பெட்டிகளுக்குக் கைப்பிடி வார்க்கிறோம்.
உள்ளே துத்தநாகம், மேலே பித்தளைப் பூச்சு.
பெட்டி ஒன்றுக்கு ஆறு.
தூக்குகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை,
பிடிக்கிறார்கள்.

திட்டமிடும் மேசை என்னுடையது.
நாளொன்றுக்கு நூறு போகும் என்று எழுதியிருக்கிறேன்;
வருடத்துக்கு இருநூற்று நாற்பது வேலைநாள்,
இருபத்து நாலாயிரம்.
பாடப்புத்தகம் கேட்கிற சீரான தேவை
வேறெந்தத் தொழிலுக்கும் இப்படி வாய்க்காது.
குடை விற்பவன் வானத்தைப் பார்க்க வேண்டும்.
எங்களுக்குப் பிப்ரவரியில் மட்டும் கொஞ்சம் கூடும்,
அதைச் சராசரி விழுங்கிவிடும்.

அச்சு மாற்றுவது பொகுமில்.
ஜன்னல் கொக்கி அச்சைக் கழற்றி,
கைப்பிடி அச்சை ஏற்றிச் சூடாக்கி,
முதல் அறுபது எழுபதை உருக்குத் தொட்டியிலேயே திருப்பிப் போட்டு,
பிறகு ஒன்றை எடுத்து
ஓரத்தைக் கட்டைவிரலால் தடவி
"சரி" என்பார்.
அந்தச் "சரி"க்கு நாலாயிரம் கொருனா.
நூறு வார்த்தாலும் நாலாயிரம்,
பத்தாயிரம் வார்த்தாலும் அதே நாலாயிரம்.
ஆகவே நிறைய வார் என்கிறது ஒரு கணக்கு.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.
கிடங்கில் கனமிருந்தால் வாடகை, வட்டி,
பித்தளை கறுக்காமலிருக்க இரவெல்லாம் ஓடும்
ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் மின்கட்டணம்.
ஒரு கைப்பிடி ஒரு வருடம் சும்மா கிடக்க நாலு கொருனா.
ஆகவே கொஞ்சமாக வார் என்கிறது இன்னொன்று.

இரண்டையும் வர்க்கமூலத்தின் கூரைக்குக் கீழே உட்காரவைத்தேன்.
இயந்திரம் நாளுக்கு நானூறு வார்க்கும்;
வார்க்கும்போதே நூறு வாசல் தாண்டிவிடும்;
முந்நூறுதான் தங்கும்.
அந்த முக்கால் பங்கையும் மறக்கவில்லை.
விடை பிசிறில்லாமல் வந்தது:
எட்டாயிரம்.
இருபது நாள் ஏறும், அறுபது நாள் இறங்கும்,
ஆறாயிரத்துக்கு மேல் அலமாரி பார்க்காது.
வருடத்துக்கு மூன்று முறை அச்சு மாற்றப் பன்னிரண்டாயிரம்,
வைத்திருக்கப் பன்னிரண்டாயிரம்.
முள் ஆடவில்லை.
அன்று நன்றாகத் தூங்கினேன்.

நவம்பர் ஓட்டம் முடிந்து எண்ணினால்
எட்டாயிரத்து நானூறு.
முழுசாக ஒரு நாள் கூடுதல்.

தாளோடு கீழே இறங்கினேன்.
திட்டுவதற்கு ஒரு தொகை வேண்டுமே,
படியில் நின்றே போட்டுப் பார்த்தேன்.
எப்போதும் இப்படியே ஓட்டினால்
மாற்றும் செலவு குறையும், வைக்கும் செலவு கூடும்,
நிகர நஷ்டம் வருடத்துக்கு இருபத்தொன்பது கொருனா.
முக்குக் கடையில் ஒரு கோப்பை பியர்கூட வராது.
மறுபடி போட்டேன்.
அதே இருபத்தொன்பது.
பள்ளத்தின் ஆழமான புள்ளி என்று
நான் ஆணியடித்து வைத்திருந்த இடம்
இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமதரை.
யாரும் தடுக்கி விழாமல் நடக்கலாம்.

"ஏன் நிறுத்தவில்லை?"

"அச்சு சூடாக இருந்தது, ட்ராகொமீரா."
கையுறையைக் கழற்றாமலே சொன்னார்.
"வீட்டில் இப்போது ஹீட்டர் போடுவதில்லை.
ஒருத்தனுக்கு எதற்கு."

அக்டோபர் ரசீது ஒன்று என் கோப்பில் இருக்கிறது.
ஊழியர் விலை, எண்ணிக்கை ஆறு, பொகுமில் கையெழுத்து.
அன்று வெளியே போனது நூற்றிரண்டு.
சராசரியில் சேர்த்தது நான்தான்.

கூடுதல் நானூறு நாலு நாளுக்குக் காணும்.
யாருடைய நாலு நாள் என்று எந்தக் கட்டத்திலும் எழுத இடமில்லை.

மேலே வந்து மேலாளருக்கு
"விலகல் ஏற்கத்தக்கது" என்று அனுப்பினேன்.
மார்ச் ஓட்டத்துக்கான சீட்டில்
எட்டாயிரம் என்று எழுதி,
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
முன்னால் "சுமார்" சேர்த்தேன்.